நெஞ்சைக் கரிக்குது என்று அம்மா சொன்னால் எந்தப் பரிசோதனை முதலில்?

ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஓம வாட்டர் பாட்டில். என்னம்மா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லடி, நெஞ்சைக் கரிக்குது. ராத்திரி அடை சாப்பிட்டது ஒத்துக்கல. நீ போய்ப் படு" என்றார். நானும் போய்ப் படுத்துவிட்டேன். காலையில் துணி துவைக்கப் போடும்போதுதான் அவருடைய ரவிக்கையைக் கவனித்தேன். முதுகுப் பக்கம் முழுக்க வேர்த்து, காய்ந்து, உப்புப் பூத்திருந்தது. அது மார்கழி மாதம்.

அம்மாவுக்கு 71 வயது. 18 வருடமாகச் சர்க்கரை. அந்த மார்கழியிலிருந்து பங்குனி வரை ஒவ்வொரு பரிசோதனைக்கூடமாக ஏறி இறங்கினோம். சில பரிசோதனைகளை முன்னாடியே செய்திருக்க வேண்டும், சிலவற்றுக்கு அவசரமே இல்லை, ஒன்றைச் செய்யாமலே விட்டிருக்கலாம். எது எதற்கு உதவும், எதை நம்பி ஏமாறக் கூடாது என்பது அலைந்த பிறகுதான் புரிந்தது. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கு அந்த நாலு மாத அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நெஞ்சுவலி, நெஞ்செரிச்சல், நெஞ்சு கரிப்பு எல்லாவற்றுக்கும் நாம் நெஞ்சு என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். உடம்பும் அப்படித்தான் வைத்திருக்கிறது. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதியில்தான் போய்ச் சேருகின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளையாலேயே சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்குப் போகும் ரத்தம் தடைபட்டால் மேல்வயிற்று வலி, குமட்டல், வாந்தி, ஏப்பம் என்று அச்சாக அஜீரணம் போலவே வரும். உணவுக்குழாய் சட்டென்று இறுகிப் பிடித்தால் வலி தாடைக்கும் கைக்கும் பரவி மாரடைப்பு போலவே இருக்கும்.

வயதானவர்களிடம் இந்தக் குழப்பம் இரண்டு மடங்கு. பல வருடச் சர்க்கரை நரம்புகளை மழுங்கடித்திருக்கும். மாரடைப்பே வலி இல்லாமல், மூச்சு வாங்கல், வேர்வை, தாங்க முடியாத அசதி என்று மட்டும் வரலாம். பெண்களிடம் இப்படி வருவது இன்னும் அதிகம். உணவுக்குழாய் விஷயத்திலும் இதே கதைதான்: அமிலத்தால் உள்ளே புண்ணாகிக் கிடந்தாலும் இளைஞர்களைவிட முதியவர்களுக்கு எரிச்சல் குறைவாகத்தான் தெரியும். "லேசாத்தான் கரிக்குது" என்று அம்மா சொன்னதில் எனக்கு வந்த நிம்மதி, வந்திருக்கவே கூடாத நிம்மதி.

வீட்டு வைத்தியமும் காத்திருப்பும்

நம் வீடுகளில் முதலில் எடுப்பது இந்த வழியைத்தான். ஓம வாட்டர், ஜெலுசில், ஈனோ, பெருங்காயம் போட்ட மோர், தெருமுனைக் கடையில் ஒரு கோலி சோடா. குடித்தால் ஏப்பம் வருகிறது, கரிப்பு அடங்குகிறது, "பாத்தியா, கேஸ்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வைத்தியமாக இதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நாம் இதையே பரிசோதனையாகவும் ஆக்கிவிடுகிறோம், அங்கேதான் ஆபத்து. இதய வலி பல சமயம் சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் கையில் ஜெலுசில் இருந்தால் பெருமை அதற்குப் போய்விடும். அவசர சிகிச்சைப் பிரிவிலும் அமில மருந்து குடித்து வலி குறைந்தது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்றுதான் மருத்துவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக்கும் இது பொருந்தும். அதை வைத்ததும் வலி போனால் இதயம்தான் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இறுகிய உணவுக்குழாயையும் அது தளர்த்திவிடும்.

மருந்தைவிடக் கேள்விகள் எவ்வளவோ மேல். எப்போது வருகிறது? குனிந்தால், படுத்தால், சாப்பிட்ட கையோடு வந்து வாய்வரை புளித்து எதுக்களித்தால் வயிற்றின் பக்கம் சாய்கிறது. நடந்தால், மாடி ஏறினால், தண்ணீர்க் குடம் தூக்கினால் வந்து, நின்றால் சில நிமிடத்தில் போனால் அதை இதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாயில் ஏப்பம் வந்தாலும் சரி. சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது வருவது எல்லோரையும் ஏமாற்றும். வயிறு நிறைந்திருக்கும்போது இதயத்துக்கு வேலை கூடுகிறது, அதனால் இதய வலியும் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். வேர்வை, மூச்சு வாங்கல், மயக்கம் இதில் ஏதாவது ஒன்று கூட இருந்தாலோ, வலி 10 நிமிடம் தாண்டினாலோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கவும் நேரமில்லை. 108ஐக் கூப்பிட வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இரண்டு மூன்று கிளினிக் அலைவதைவிட அது நல்லது.

ஒரு ஈசிஜி போதுமா?

அன்று காலை அம்மாவைப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி எடுத்தார்கள். "நார்மல்மா, கேஸ்தான்" என்றார்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது யோசித்தால், அந்த ஈசிஜி பொய் சொல்லவில்லை. அது பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நிமிடத்தில், இதயத்தின் மின்னோட்டத்தில் மாற்றம் தெரிகிறதா? வலி வந்தது ராத்திரி இரண்டு மணிக்கு, ஈசிஜி எடுத்தது காலை பத்து மணிக்கு. வலி இல்லாத நேரத்தில் அடைப்பு உள்ள இதயமும் சாதாரண ஈசிஜி காட்டும். மாரடைப்பின் ஆரம்பத்திலேயே முதல் ஈசிஜி சாதாரணமாக இருப்பதும் உண்டு. அதனால்தான் நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஒரு ஈசிஜி, வலி தொடர்ந்தால் திரும்பத் திரும்ப எடுப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். இதயத்தின் பின்பக்கச் சுவர் சாதாரண ஈசிஜியில் நேராகத் தெரியாது; சந்தேகம் இருந்தால் முதுகுப் பக்கமும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை செத்தால் அதிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் இது. ஆனால் வலி தொடங்கியவுடனே ஏறாது, சில மணி நேரம் ஆகும். எனவே ஒரு முறை பார்த்து நார்மல் என்று வீட்டுக்குப் போவது அரைப் பரிசோதனை. சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை பார்த்து, ஏறுகிறதா என்று ஒப்பிட வேண்டும். சிறுநீரகம் பழுதான முதியவர்களுக்கு இது எப்போதுமே கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அவர்களிடம் ஒற்றை எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஏறினால் பெரும்பாலும் மாரடைப்பு. ஏறவில்லை என்றால் தசை சாகவில்லை என்று அர்த்தம். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்று அர்த்தம் ஆகாது.

இந்த இரண்டுமே செலவு குறைந்தவை, உடம்புக்கு வலி இல்லாதவை. அரசு மருத்துவமனைகளில் காசும் இல்லை. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய துணை. ஒன்று மட்டும், வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளமாக மலம் கருப்பாகப் போகிறது என்றாலோ ரத்த வாந்தி எடுத்திருந்தாலோ அந்த மாத்திரைகளை விழுங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

என் முடிவு: புதிதாக நெஞ்சில் ஏதாவது தொந்தரவு என்று 60 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சொன்னால், வயிற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், அதே நாளில், இந்த இரண்டும். கூடவே ஹீமோகுளோபினும். அந்த மூன்றாவதைத்தான் எங்களுக்கு யாரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மாத்திரைப் பை

அம்மாவின் மாத்திரைகள் ஒரு மஞ்சப் பையில் இருக்கும். அந்தப் பையை மேசையில் கொட்டிப் பார்த்த முதல் மருத்துவரிடம் நாங்கள் போய்ச் சேர மாசி மாதம் ஆகிவிட்டது. செலவே இல்லாத இந்தப் பரிசோதனையை நான் ஸ்கேனுக்கு மேலே வைப்பேன்.

பையில் இருந்தவை: பிரஷருக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு இரண்டு, தினமும் ஒரு ஆஸ்பிரின், முட்டிவலிக்கு டைக்ளோபினாக். கடைசி மாத்திரை சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கியது. நான்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்லோடிபின் வகை மாத்திரைகள் ரத்தக்குழாயைத் தளர்த்துவதுபோல உணவுக்குழாயின் அடி வாயிலையும் கொஞ்சம் தளர்த்தும், அமிலம் மேலே ஏற வழி விடும். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட்டுகள், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின், சில தூக்க மாத்திரைகள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஆஸ்பிரினும் டைக்ளோபினாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வர வேறு எதுவும் வேண்டாம். வயதானவர்களுக்கு இந்தப் புண் வலிக்காமலே ரத்தம் கசியும்.

சில மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட், டாக்ஸிசைக்ளின், பொட்டாசியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இதில் முக்கியமானவை. வாயில் எச்சில் குறைந்த முதியவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அடுத்த நாள் விழுங்கும்போதெல்லாம் நெஞ்சுக்கு நடுவில் குத்தும். அலென்ட்ரோனேட் போட்டால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பது கட்டாயம். இதற்கு, வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபிகூட முதலில் தேவைப்படாமல் போகலாம், மாத்திரையை மாற்றினாலே சரியாகும். ஆனால் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

எட்டு வாரம் மாத்திரையா, நேரே எண்டோஸ்கோபியா?

இதயம் இல்லை என்று ஓரளவு தெரிந்த பிறகு வருகிற உண்மையான தேர்வு இதுதான். மருத்துவர்களே வேறு வேறாகச் சொல்லும் இடமும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மாத்திரை வழி எளிது. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற ஒன்றைத் தினமும் காலை, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், எட்டு வாரம். குறைந்தால் அமிலம்தான் என்று எடுத்துக்கொள்வது. 40 வயதுக்காரருக்கு, நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் தெளிவாக இருந்து வேறு எந்த அபாய அறிகுறியும் இல்லை என்றால், இது நியாயமான வழிதான். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டுதல், எரிச்சல் இல்லாமல் நெஞ்சுவலி மட்டும் இருப்பவர்களுக்கு இதயத்தைப் பார்த்த பிறகு மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதைவிட எண்டோஸ்கோபியோ அமில அளவீடோ செய்யச் சொல்கிறது. அதற்கு முன்னால் 2017இல் அமெரிக்க, கனடியச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்டதில், 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அஜீரணத் தொல்லை வந்தால் எண்டோஸ்கோபி என்று வயதையே கோடாகப் போட்டுவிட்டார்கள்.

அந்த வயதுக் கோட்டுக்குக் காரணம் புற்றுநோய். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் நீண்ட காலம் முன்வரிசையில் இருந்தவற்றில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. நம் பக்கத்து உணவுக்குழாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை, மது, பீடி இவற்றோடு போகிற வகை. அமில மாத்திரை இவற்றின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிடும். இரைப்பையில் புண்ணாகத் தோன்றும் புற்று மாத்திரையால் மேலாக ஆறினதுபோலக் காட்டி, மாதங்களைத் தின்றுவிடும். "மாத்திரை போட்டதும் நல்லா இருக்கே" என்பதைப் பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே போதும்.

அப்புறம் வயதைப் பார்க்காமல் நேரே எண்டோஸ்கோபிக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள் இருக்கின்றன. சாப்பாடு இறங்கும்போது நெஞ்சில் சிக்குவது, விழுங்கினால் வலிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, கருப்பு மலம், விடாத வாந்தி. இவற்றை நம் பெரியவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள், சப்பாத்தியைத் தவிர்ப்பார்கள், கேட்டால் "பல் சரியில்லை" என்பார்கள். மலம் என்ன நிறம் என்று மகளிடம் சொல்ல எந்த அம்மா வாய் திறப்பார்? நானே கேட்க ஒன்றரை மாதம் ஆயிற்று. கேட்டதும், "கொஞ்ச நாளா தார் மாதிரிதான் போகுது, கீரை சாப்பிட்டதால இருக்கும்" என்றார்.

எண்டோஸ்கோபி பற்றி வீட்டில் எல்லோருக்கும் பயம் இருந்தது. நடந்தது என்னவென்றால், முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, சர்க்கரை மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தி வைத்தது, தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே, பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. மயக்க மருந்தை அம்மாவுக்குக் குறைவாகக் கொடுத்து, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டியிருந்தார்கள். முதியவர்களுக்கு மயக்க மருந்து மூச்சை அமுக்கிவிடலாம் என்பதால் அந்தக் கவனம் தேவை, அதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நம் வேலை. சதை எடுத்துப் பார்க்கும் சாதாரண எண்டோஸ்கோபிக்கு ஆஸ்பிரினையோ க்ளோபிடோக்ரெலையோ நிறுத்தத் தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அமில மாத்திரையை மட்டும், அவசரம் இல்லை என்றால், இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டுச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் ஆறிய புண் கண்ணில் படாது, இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் எச் பைலோரி கிருமியும் இல்லாததுபோலக் காட்டும்.

எண்டோஸ்கோபிக்கும் ஒரு குறை உண்டு. அமில எதுக்களிப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உள்ளே எல்லாம் சுத்தமாகவே தெரியும். அதனால் நார்மல் என்று வந்தால் அமிலம் இல்லை என்று ஆகிவிடாது. மோசமான எதுவும் இல்லை என்பது மட்டும் உறுதி. 70 வயதுக்காரருக்கு அந்த உறுதிதான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து. எண்டோஸ்கோபி தாங்க முடியாத அளவு உடல்நிலை மோசமானவர், மிகவும் முதியவர், இந்த முடிவால் சிகிச்சை எதுவும் மாறப் போவதில்லை என்ற நிலையில் இருப்பவர், இவர்களுக்கு மட்டும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதே கருணையான வழி.

மாத்திரையைத் தொடர்வது பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறியும், கிட்னி போகும் என்று வாட்ஸ்அப்பில் வருபவை பெரும்பாலும் மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டுச் சொன்னவை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் இதயநோய் உள்ள 17,598 பேரில் பாதிப் பேருக்குப் பான்டோபிரசோலும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்தார்கள். குடல் தொற்று மட்டுமே கொஞ்சம் அதிகம். தேவைப்படுபவர் பயப்படாமல் போடலாம், தேவையில்லாதவர் வருடக்கணக்கில் போட வேண்டாம். நீண்ட நாள் போட்டால் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் ஒமிப்ரசோலைத் தவிர்த்துப் பான்டோபிரசோலை எடுக்கலாம், ஏனென்றால் ஒமிப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கும்.

எண்டோஸ்கோபி சுத்தமாக வந்து தொல்லை தொடர்ந்தால்

இந்த இடத்துக்கு எல்லோரும் வர மாட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. குழாய் வேண்டாம் என்றால் உணவுக்குழாயில் ஒட்டும் சிறிய கேப்சூல், இன்னும் அதிக நாள் அளக்கும், விலையும் அதிகம். ஒரு நாளில் 6 சதவீதத்துக்கு மேல் நேரம் அமிலம் மேலே இருந்தால் எதுக்களிப்பு உறுதி, 4க்குக் கீழே என்றால் இல்லை. விழுங்குவதில் சிரமம் இருந்தால், உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி. உணவுக்குழாயின் அடிவாயில் திறக்காமல் போகும் அக்கலேசியா என்ற நோய் உள்ளவர்கள் வருடக்கணக்கில் எதுக்களிப்பு என்ற பெயரில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அந்த நோயை இதுதான் பிடிக்கும். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே எதுக்களிப்பைக் கண்டுபிடிக்க உதவாது, ஆனால் குழாய் சுருங்கியிருப்பதையும் இரைப்பை மேலேறியிருப்பதையும் நன்றாகக் காட்டும். மற்றபடி பித்தப்பைக் கல்லுக்கு வயிற்று ஸ்கேன். ஒரு பக்கமாக மட்டும் எரிந்தால் தோலைப் பாருங்கள், அக்கி கொப்புளம் போடுவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே எரிச்சல் தொடங்கிவிடும்.

இதயத்தின் பக்கம் மீதி இருந்தவை

மாசியில் ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் அம்மா பாதியில் நின்றார். "கரிக்குது, கொஞ்சம் நில்லு." நின்றதும் போய்விட்டது. திரும்ப நடந்ததும் வந்தது. அன்றுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஈசிஜியில் சின்ன மாற்றம், ட்ரோபோனின் இரண்டு தடவையும் ஏறவில்லை, ஹீமோகுளோபின் மட்டும் மிகக் குறைவாக 7.6. பையைக் கொட்டிப் பார்த்த மருத்துவர் அங்கேதான் இருந்தார். ஒரு யூனிட் ரத்தம் ஏற்றி, இரண்டு நாள் கழித்து எண்டோஸ்கோபி செய்தார்கள். உணவுக்குழாயில் அமிலப் புண், இரைப்பையின் அடிப்பகுதியில் கசிந்துகொண்டிருந்த இன்னொரு புண். சதைப் பரிசோதனையில் புற்று இல்லை.

வயிறா இதயமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் இரண்டும் என்பதுதான். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தது, ரத்தம் குறைந்ததால் ஏற்கெனவே குறுகியிருந்த இதயக் குழாய் வழியாகப் போதுமான ஆக்சிஜன் போகவில்லை, நடந்தால் வலித்தது. வயதானவர்களிடம் இந்த இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருப்பது சகஜம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்திவிட்டால் மற்றது பிழைத்துக்கொள்ளும்.

டைக்ளோபினாக் நின்றது, இரும்புச்சத்தும் பான்டோபிரசோலும் தொடர்ந்தன. ஹீமோகுளோபின் 11ஐத் தொட்ட பிறகு இதயத்துக்கான பரிசோதனை. டிரெட்மில்லில் ஏற்றினார்கள். முட்டிவலியில் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டார், முடிவு எதுவும் சொல்ல முடியாது என்று எழுதித் தந்தார்கள். நான் முன்னே சொன்ன, செய்யாமலே விட்டிருக்கக் கூடிய பரிசோதனை அதுதான். நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்தால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து, இதயத்தின் ஸ்கேனான எக்கோ பார்க்கலாம். சாதாரண எக்கோவும் முதியவர்களுக்கு வீண் போகாது. வால்வு சுருங்கியிருந்தால் அதுவே நடக்கும்போது நெஞ்சுவலியும் மயக்கமும் தரும், அதை எக்கோ காட்டிவிடும். சாயம் ஏற்றி இதயக் குழாய்களை சிடி ஸ்கேனில் படம் எடுக்கும் சிடி ஆஞ்சியோ கையைக் கிழிக்காத வழி, ஆனால் 70 தாண்டிய குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருந்தால் படம் மறைந்து, அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியலாம். நடக்கும்போது வலிப்பது இவ்வளவு தெளிவாக இருந்ததால் எங்கள் மருத்துவர் நேராக, மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமுக்குப் போகலாம் என்றார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகே இரண்டையும் செய்வார்கள், சாயம் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால். ஒரு குழாயில் அடைப்பு. மாத்திரையிலேயே வலி அடங்கியிருப்பதால் இப்போதைக்கு ஸ்டென்ட் வேண்டாம் என்றார்கள். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணுக்கு அது நல்லதில்லை என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். அந்த இடத்தில் இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் போனில் பேசிக்கொண்டது எங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். பேசச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கேட்டால் பேசுகிறார்கள்.

பங்குனி கடைசியில் இன்னொரு எண்டோஸ்கோபி செய்து இரைப்பைப் புண் முழுக்க ஆறிவிட்டதைப் பார்த்தார்கள். முட்டிக்கு இப்போது பாராசிட்டமாலும் ஒத்தடமும். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்கிறோம். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முடிந்துவிடும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் அம்மா மறுபடியும் கரிக்குது என்றார். நான் கேட்டது, "நடக்கும்போதாம்மா, படுத்திருக்கும்போதா?" காலண்டருக்குப் பின்னால் தொங்கும் நோட்டை எடுத்து, நேரத்தையும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதி வைத்தேன். குனிந்து கோலம் போட்டபோது, வேர்வை இல்லை, நிமிர்ந்ததும் போய்விட்டது.